செபமாலைச் சம்மாட்டியின் சட்டைகள்

கனடாவில் இருக்கும் மச்சாள் கிறேஸ், செத்துப்போன தகப்பனின் உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்துத் தரும்படி கேட்டிருக்கிறாள் என்பது றஞ்சிதத்துக்குப் புருசனின் வாயால்தான் தெரியவந்தது. அதுவும் அவன் ஓமென்று சொல்லிவிட்ட பிறகு.

எமிலியானுஸ் கடலால் வந்து குளித்துவிட்டுச் சாப்பிட இருந்தான். முதல் பிடி சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா ஆசைப்படுறா. அங்க செத்த ஆக்களின்ர உடுப்பைத் துண்டு துண்டா வெட்டிப் பொருத்திப் போர்வை தைக்கிறவையாம். குவில்ற் எண்டு சொல்லுறது. மடு மாதா கோயில் திருநாளுக்கு வரேக்க எடுத்துக்கொண்டு போகப்போறாவாம்."

"ஆற்ற உடுப்பு?"

"அப்பான்ர."

றஞ்சிதம் அவனுக்கு ஊற்றவென்று எடுத்த மீன்குழம்புச் சட்டியை இறக்கிக் கீழே வைத்தாள்.

"நீ தைக்கிறவள்தானே. உனக்கென்ன, ரெண்டு நாள் வேலை" என்றான் அவன். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. பார்த்தால் அந்தப் பேச்சைத் தொடரமுடியாது என்று அவனுக்குத் தெரியும்.

எமிலியானுஸின் தகப்பன் செபமாலைச் சம்மாட்டி, ஓலைத்தொடுவாய்க் கடற்கரையில் வள்ளங்களும் கரைவலையும் வைத்திருந்த மனிதர். றஞ்சிதத்தின் தகப்பன் அந்தக் கரைவலையை இழுத்த கூலிக்காரர்களில் ஒருவர். எமிலியானுஸ் றஞ்சிதத்தை விரும்பிக் கட்டினான். கோயிலில் தாலி கட்டும்போது சம்மாட்டி வரவில்லை. பிறகு மனைவி செத்து, பெண்பிள்ளைகள் ஒருத்தி கனடாவிலும் ஒருத்தி பிரான்சிலும் என்று ஆகி, பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது, அவரைக் கழுவித் துடைத்து வாயில் ஊட்டிவிட அந்த வீட்டில் றஞ்சிதத்தின் கையை விட்டால் வேறு கை இல்லை.

அந்தக் கையைத்தான் அவர் கடைசிவரை அருவருத்தார். பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் வைத்தே, "இவள் தொட்டுத் தந்தா வயித்தைப் பிரட்டுது. வலை இழுத்தவன்ர வீட்டு நாத்தம்" என்பார். கட்டிலோடு படிக்கம் இருக்கும். அதில் துப்பமாட்டார். அவள் குனிந்து தரையைத் துடைக்கும்போது, துடைத்த இடத்திலேயே வெற்றிலைச் சாறைத் துப்புவார். ஒருநாள் அது அவளுடைய முழங்கையில் விழுந்தது. சூடாக, கொழகொழவென்று. எமிலியானுஸ் வாசலில் நின்று அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

செத்தவீடு முடிந்து உறவுக்காரர் கலைந்த பிறகு அவருடைய சட்டைகளையும் இடுப்பில் கட்டும் சாறங்களையும் ஒரு றங்குப்பெட்டியில் திணித்து, வலைக்கொட்டிலின் மூலையில் தள்ளிவிட்டாள் றஞ்சிதம். எலி வெட்டித் தின்னட்டும் என்று நினைத்தாள். எலியும் அதைத் தொடவில்லை.

இப்போது அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது.

மூடியைத் தூக்கியதும் முகத்தில் அடித்த நாற்றத்துக்கு அவள் இரண்டு எட்டுப் பின்னால் போனாள். சுருட்டு, வெற்றிலை, பழைய வியர்வை, அதன்மேல் எப்போதோ ஊறிப்போன பூச்சிமுட்டை உருண்டைகளின் நெடி. சட்டைகளை ஒரு தடியால் தூக்கித்தான் வெளியே போட்டாள். பெரும்பாலும் ரெறிலின் சட்டைகள். மண் நிறம், சாம்பல் நிறம், கடுகை அரைத்துப் பூசியது போல ஒரு மஞ்சள், வயிற்றால் போனது போல ஒரு பச்சை. கழுத்துப் பட்டிகளில் மஞ்சள் வளையம். கக்கங்கள் வியர்வை உறைந்து அட்டைபோல விறைத்திருந்தன. சாறங்களில் சுருட்டு நெருப்புப் பட்ட ஓட்டைகள். ஒரு சட்டைப் பையில் வெற்றிலைக் காம்பும் சுண்ணாம்பும் களிம்பாகிக் காய்ந்திருந்தன. அவள் அதைத் தெரியாமல் கை விட்டு எடுத்தாள். எடுத்த விரலைக் கிணற்றடிக்கு ஓடிப்போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தேய்த்துத் தேய்த்து நகக்கண் சிவந்துவிட்டது.

கிறேஸ் வைபரில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வெள்ளைக்காரக் கிழவர் ஒருவரின் சட்டைகளில் தைத்த போர்வை. நீலமும் வெள்ளையுமாக, நடுவில் ஓர் இதயம். 'இப்பிடி வந்தாக் காணும் றஞ்சி' என்று கீழே எழுதியிருந்தது. றஞ்சிதம் படத்தையும் கொட்டிக் கிடந்த குவியலையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தக் குவியலிலிருந்து எந்தத் தையல்காரி வந்தாலும் ஒரு நிலந்துடைக்கிற துணியைத்தான் தைக்கமுடியும் என்று பட்டது.

எல்லாவற்றையும் டெற்றோலில் ஊறவைத்தாள். சவர்க்காரம் போட்டு அடித்தாள். கொதிநீர் ஊற்றி மீண்டும் அடித்தாள். வேலியில் காயப்போட்டபோது ஊர்க்கழுதை ஒன்று வந்து ஒரு சாறத்தின் நுனியைக் கடித்து இழுத்தது. அவள் விரட்டவில்லை. தின்னு, முழுவதையும் தின்னு என்று மனதுக்குள் சொன்னபடி பார்த்துக்கொண்டு நின்றாள். கழுதை இரண்டு தரம் மென்று பார்த்துவிட்டுத் துப்பிவிட்டுப் போனது.

தோய்த்ததும் நாற்றம் போய்விட்டது என்றுதான் நினைத்தாள். ஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி முதல் சட்டையின் முதுகில் வைத்து அழுத்தியபோது, ஆவியோடு சேர்ந்து அவர் எழுந்து வந்தார். அந்தக் கட்டில், அந்த ஈரப் பாய், அந்த மூச்சு எல்லாம் ஒன்றாக மூக்குக்குள் ஏறியது. ஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைக்கத்தான் நேரம் இருந்தது. குசினிக்குப் பின்னால் போய் சத்தி எடுத்தாள்.

அன்றோடு அதை மூட்டை கட்டிப் போட்டுவிட்டாள். ஆனால் மூட்டை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ஆவணித் திருநாள் நெருங்கியது. கிறேஸ் இரண்டு நாளுக்கு ஒருக்கால் "எவ்வளவில நிக்குது?" என்று கேட்டாள். எமிலியானுஸும் கேட்டான்.

தன்னைத் தானே தள்ளிப்பார்த்தாள். ஒரு சட்டையை வெட்டி முடித்தால் ஒரு தேத்தண்ணி என்று வைத்துக்கொண்டாள். மூன்றாம் சட்டையோடு தேத்தண்ணியிலும் அதே நாற்றம் வந்தது. வானொலியைப் போட்டுக்கொண்டு வெட்டினாள். பாட்டு ஒரு பக்கம் போனது, கை நின்றுவிட்டது. பங்குச் சுவாமி பிரசங்கத்தில் சொல்வது போல, பிடிக்காத வேலையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்போம் என்று ஒவ்வொரு துண்டுக்கும் செபமாலையில் சொல்லும் அருள்நிறை மந்திரம் ஒன்று சொல்லித் தைக்கத் தொடங்கினாள். கொஞ்சநேரத்தில் அவளுக்கே சிரிப்பும் ஆத்திரமும் வந்தன. செபமாலைச் சம்மாட்டிக்காகச் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறாள். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மந்திரத்தை நிறுத்தினாள்.

கடைசியில் ஒருநாள் காலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு மன்னாருக்கு பஸ் ஏறினாள்.

மன்னார் உப்புக்குளத்தில் றஹீமாவுக்கு ஒரு சின்னத் தையல்கடை இருந்தது. புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தில் தையல் பழகி, சண்டை முடிந்து ஊர் திரும்பியதும் தொடங்கிய கடை. பள்ளிக்கூடச் சீருடைக் காலத்தில் றஞ்சிதமும் அங்கே போய் இருந்து தைப்பாள். இருவரும் ஏறத்தாழ ஒரே வயது.

"என்ன புள்ள, பிணத்தைச் சுமந்துகொண்டு வந்த மாதிரி வாறாய்?" என்று றஹீமா கேட்டாள்.

"அதுதான் கொண்டுவந்தனான்" என்று மூட்டையை மேசையில் போட்டாள் றஞ்சிதம்.

கதையைக் கேட்டுவிட்டு றஹீமா மூட்டையை அவிழ்த்தாள். அவளுக்கு அந்தச் சட்டைகளில் எந்த மனிதரும் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"அல்லாஹ்வே, என்ன நிறம் இது! இந்த மனுசனுக்கு ஒரு நல்ல துணி எடுத்துக் குடுக்க ஆளில்லையா?"

"அவர் ஆரையும் எடுக்க விட்டாத்தானே."

"துணியின்ர முகப்பக்கம் செத்துப்போச்சு. பின்பக்கத்தைப் பார், அவ்வளவு மங்கேல்லை. புரட்டித் தைப்பம். கழுத்து, கக்கம், பை ஒண்டும் வேணாம், வெட்டி எறி. முதுகும் சாறமும் காணும். நடுவில இந்தச் சீருடை வெட்டின வெள்ளைத் துண்டுகளை ஓடவிட்டா ஒரு பார்வைக்கு வரும்."

அது ஒரு வழிபோலத் தெரிந்தது. றஞ்சிதம் கத்தரிக்கோலை எடுத்தாள். கக்கங்களையும் பட்டிகளையும் வெட்டிக் குப்பைக்கூடைக்குள் எறியும்போது முதல்முறையாக அந்த வேலையில் ஒரு சுகம் இருந்தது. றஹீமாவே ஸ்திரிக்கை போட்டாள். ஆவி எழுந்தபோது றஞ்சிதத்தின் முகம் மாறுவதைக் கண்டு, "நீ அங்கால திரும்பி இரு" என்றாள்.

ஆனாலும் தைக்க இருந்தால் கை ஓடவில்லை. நாலு துண்டு பொருத்துவதற்குள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவாள், வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்படி ஒரு தடவை நின்றபோது றஹீமா தன் மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இந்தப் பச்சைச் சேட்டு எப்ப போட்டவர்?"

"கோயில் பெருநாளுக்கு."

"போட்டுக்கொண்டு என்ன செய்தவர்?"

றஞ்சிதம் திரும்பி வந்து கதிரையில் இருந்தாள். பச்சைத் துண்டை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள்.

"பெருநாளுக்கு என்ர அய்யா எங்கட வீட்ட வந்தவர். இந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு சம்மாட்டி விறாந்தையில இருக்கிறார். அய்யாவைக் கதிரையில இருக்கவிடேல்லை. நிலத்தில இருக்கச் சொன்னவர். சம்பந்தியை, றஹீமா. அய்யா நிலத்தில இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனவர்."

சொல்லி முடித்தபோது பச்சை வரிசை முழுவதும் தைத்து முடிந்திருந்தது. அவள் அதைக் கவனித்தாள். றஹீமாவும் கவனித்தாள்.

பிறகு அப்படியே போனது. செபமும் வானொலியும் செய்யாததை அந்தக் கதைகள் செய்தன. சாம்பல் சட்டைக்கு ஒரு கதை இருந்தது. கட்டம்போட்ட சாறத்துக்கு ஒன்று. கோப்பையைச் சுவரில் எறிந்தது, வலை இழுத்தவன் வீட்டு நாற்றம் என்றது, முழங்கையில் துப்பியது. யாருக்கும் சொல்லாதவற்றை மெசினின் இரைச்சலுக்கு மேலால் கத்திச் சொன்னாள். சில இடங்களில் வாயில் வராத வார்த்தைகள் வந்தன. றஹீமா "இன்னும் சொல்லு" என்பாளே தவிரப் பரிதாபப்படவில்லை. அருவருப்பு குறையவும் இல்லை. ஒவ்வொரு நாளும் கடையால் போகும்போது றஞ்சிதம் முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டுதான் பஸ் ஏறினாள். ஆனால் மறுநாள் வந்தாள்.

போர்வை முடிந்தபோது அது அழகாக இருக்கவில்லை. கெட்டியாக, நேராக, ஒரு தையலும் பிசகாமல் இருந்தது. இதயம் ஒன்றும் அவள் வைக்கவில்லை.

கிறேஸ் மடுவுக்குப் போய்விட்டுத் திருநாளுக்கு அடுத்த நாள் வந்து இறங்கினாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். சண்டைக்காலத்தில் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய் அங்கிருந்து கனடாவுக்குப் போனவள். தகப்பனின் செத்தவீட்டுக்கும் வரக்கிடைக்கவில்லை. வீட்டுக்குள் வந்ததும் முதலில் தகப்பனின் கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே இப்போது றஞ்சிதத்தின் தையல் மெசின் இருந்தது.

சாப்பிட்ட பிறகு றஞ்சிதம் போர்வையைக் கொண்டுவந்து கொடுத்தாள். கிறேஸ் அதைத் தன் படுக்கைக்கென்று போட்டிருந்த கட்டிலில் விரித்தாள். கையால் தடவினாள். கட்டம்போட்ட சாறத் துண்டு அவளுக்குத் தெரிந்திருந்தது. "இது நான் வெளிநாடு போறதுக்கு முந்திக் கொழும்பில வாங்கி அனுப்பினது" என்று மெல்லச் சொன்னாள். பிறகு குனிந்து, முகத்தைப் போர்வைக்குள் புதைத்து, மூச்சை இழுத்தாள். ஒருமுறை. இன்னொரு இடத்தில் இன்னொருமுறை.

நிமிர்ந்தபோது முகம் வாடியிருந்தது.

"டெற்றோல்தான் மணக்குது. ஏன் றஞ்சி இப்பிடி அடிச்சுத் தோய்ச்சனி? நான் அப்பான்ர மணத்துக்காகத்தானே கேட்டனான். அந்தச் சுருட்டு மணம். சின்னனில என்னைத் தோளில வைச்சுக்கொண்டு கரைக்கு வலைப்பாடு பாக்கப் போவார். அவற்ற கழுத்தடியில அந்த மணம் இருக்கும். அதைப்போய் இல்லாமல் ஆக்கிப்போட்டாயே."

றஞ்சிதம் சும்மா இருந்திருக்கலாம். இத்தனை வருசமும் அப்படித்தான் இருந்தாள். ஆனால் றஹீமாவின் கடையில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், இந்த முறை மூடிக்கொள்ள மறுத்தது.

"உங்களுக்கு எந்த மணம் வேணும் மச்சாள்?" என்றாள். "மூத்திரமும் மலமும் பாயில ஊறின மணமா? படுக்கைப்புண்ணின்ர மணமா? என்ர கையில துப்பின வெத்திலையின்ர மணமா? அதுகளைக் கழுவக் கழுவ என்ர மூக்கில இருந்து போகேல்லை. இந்தச் சேட்டை ஸ்திரிக்கை போடேக்க நான் சத்தி எடுத்தனான்."

"றஞ்சி! செத்தவரைப் பற்றி இப்பிடிக் கதைக்காத."

"உயிரோட இருக்கேக்கயும் நான் கதைக்கேல்லை. செத்த பிறகும் கதைக்கப்படாதெண்டா நான் எப்ப மச்சாள் கதைக்கிறது?"

அவள் சத்தம் போடவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னாள். அய்யாவை நிலத்தில் இருத்தியதை, கோப்பையை, துப்பியதை. வந்தவர்களுக்கு முன்னால் அவர் சொன்னதை, அவர் சொன்ன அதே சொல்லில் சொன்னாள். கிறேஸின் முகம் சிவந்தது. அவள் வாசலில் நின்ற தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எமில், இவள் சொல்லுறது உண்மையே?"

எமிலியானுஸ் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே போக ஒரு காலை எடுத்தவன், போகவில்லை.

"உண்மைதான் அக்கா" என்றான். "நான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

றஞ்சிதம் அவனைப் பார்க்கவில்லை. அந்த வார்த்தை எத்தனையோ வருசம் பிந்தி வந்தது. வந்த இடத்தில் கிடக்கட்டும் என்று விட்டாள்.

கிறேஸ் கட்டில் விளிம்பில் இருந்தாள். போர்வையின் ஒரு மூலை அவள் கைக்குள் சுருண்டிருந்தது. பிறகு அதைப் பிரித்து விரித்து, "கடைசியா அவர் போட்டிருந்த சேட்டு எது? இதில காட்டு" என்று கேட்டாள்.

"இதில இல்லை மச்சாள். படுத்த பிறகு அவர் சேட்டுப் போடேல்லை. பழைய பெட்சீற்றைக் கிழிச்சுத்தான் சுத்திவிடுறனான். அந்தத் துணியெல்லாம் நான் எரிச்சுப்போட்டன். இது முழுக்க அவர் நடமாடித் திரியேக்க போட்டது."

"அப்ப இது எனக்குத் தெரிஞ்ச அப்பா."

"ஓம். எனக்குத் தெரிஞ்ச மனுசனை நீங்கள் கேட்டிருந்தாலும் தந்திருக்க ஏலாது."

கிறேஸ் அழுதாள். றஞ்சிதம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை, தோளைத் தொடவும் இல்லை. பாவமாக இருந்தது. ஆனால் அவர்மேல் இருந்த அருவருப்பும் அப்படியேதான் இருந்தது. ஒன்று வந்ததும் மற்றது போய்விடும் என்று அவள் எதிர்பார்த்ததும் இல்லை.

மறுநாள் காலை கிறேஸ் பூவும் மெழுகுதிரியும் எடுத்துக்கொண்டு தகப்பனின் கல்லறை இருக்கும் சவக்காலைக்கு வெளிக்கிட்டாள். வாசலில் நின்று, "நீயும் வாவன்" என்று கூப்பிட்டாள். அது கட்டளையாக இல்லை. கொஞ்சம் பயந்த குரலாக இருந்தது.

"இல்லை மச்சாள். நீங்கள் ரெண்டுபேரும் போயிட்டு வாங்கோ. அவருக்கு நான் செய்யவேண்டியது எல்லாம் செய்து முடிஞ்சுது."

கிறேஸ் தலையாட்டினாள். வற்புறுத்தவில்லை. எமிலியானுஸ் மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அக்காவை ஏற்றிக்கொண்டு போகுமுன் றஞ்சிதத்தை நிமிர்ந்து பார்த்து, "மத்தியானச் சாப்பாட்டுக்கு நீ மினக்கெடாத. வரேக்க நான் கடையில வாங்கிக்கொண்டு வாறன்" என்றான். அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல்தரம். அவள் "சரி" என்றாள்.

பிறகு சேலையை மாற்றிக்கொண்டு மன்னார் பஸ்ஸைப் பிடித்தாள்.

றஹீமா கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் தும்புத்தடியைச் சுவரில் சாய்த்தாள்.

"குடுத்திட்டியா? என்ன சொன்னாவு?"

"மணமில்லையெண்டு சொன்னவ."

றஹீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். றஞ்சிதத்துக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் நீர் முட்டும்வரை சிரித்தாள். வீதியால் போன மீன் வியாபாரி ஜுனைதீன் நானா கூடையோடு சைக்கிளை நிறுத்தி, இந்த இரண்டு பெண்களுக்கும் காலையிலேயே என்ன வந்தது என்று பார்த்துவிட்டுப் போனார்.

"பிறகு?" என்று கேட்டாள் றஹீமா.

"பிறகு எல்லாத்தையும் சொன்னன்."

"எல்லாத்தையுமா?"

"உனக்குச் சொன்னதெல்லாம். அந்தக் கெட்ட வார்த்தையளைத் தவிர."

றஹீமா உள்ளே போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினாள். றஞ்சிதம் மெசினுக்கு எண்ணெய் விட்டு, மூடியைக் கழற்றி, உள்ளே அடைந்திருந்த மண் நிறமும் பச்சையுமான நூல் தும்புகளைத் தூரிகையால் தட்டித் தட்டி வெளியே எடுத்தாள். அவை கொஞ்சமாகத்தான் இருந்தன. வாசலில் போய் ஊதிவிட்டாள். பிறகு வெள்ளை நூலைக் கோத்து, யாரோ ஒரு பிள்ளையின் சீருடைப் பாவாடையை எடுத்து மடிப்புத் தைக்கத் தொடங்கினாள்.